கண்ணாடியில் போட்ட இலை

ஃப்ரேம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு எழுதுகிறேன். எனக்கு எழுத்து அதிகம் வராது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. உத்திரமேரூர் பஜாரில் கடை வைத்திருந்தேன். சாமி படம், கல்யாணப் படம், செத்தவர் படம், எல்லாம் போட்டேன். இப்போது முட்டி உட்காரவிடவில்லை. கடையை விட்டாயிற்று.

சட்டத்துக்கான பீடிங் கட்டையை அறுப்பது, மூலை சேர்ப்பது, பின் ஆணி அடிப்பது இதெல்லாம் கொஞ்ச நாளில் உங்கள் கைக்கே வந்துவிடும். நான் சொல்ல வேண்டாம். ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு என் மேஜை மேல் ஒரு படம் இருந்தது. கண்ணாடியில் வரைந்த படம். பக்கத்தில் சுத்தியல். சுத்தியல் மேல் ஒருவர் கை இருந்தது. அந்தக் கை என்னுடையது இல்லை.

படத்தைக் கொண்டுவந்தது திருப்புலிவனத்துப் பெண். பெயர் திவ்யா. பழைய புடவையில் சுற்றி, மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

"பெரிப்பா, இதுக்கு ஃப்ரேம் போடணும். பின்னாடி கை வச்சிடாதீங்க. பெயிண்ட் அந்தப் பக்கந்தான் கீது."

"தெரியுதும்மா. நீயே வரைஞ்சதா?"

"ஆமா. ரெண்டு கண்ணாடி பாழாச்சி. இது மூணாவது."

கண்ணாடி ஓவியத்தைக் கையில் எடுக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. காகிதத்தில் வரைந்தால் வரைந்த பக்கத்தைத்தான் பார்ப்போம். கண்ணாடியில் அப்படி இல்லை. பின்பக்கம் வரைவோம், முன்பக்கம் இருந்து பார்ப்போம். அதனால் வலது இடதாகிவிடும். இடது வலதாகிவிடும். பழத்தில் மினுக்குகிற வெள்ளைப் புள்ளியை முதலில் வைக்க வேண்டும். அதன் மேல்தான் பழத்தின் நிறத்தைப் பூச வேண்டும். எழுத்து எழுதினால் மாற்றி எழுத வேண்டும். புதிதாக வரைகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள்.

"கல்யாணத்துக்கா?" என்றேன்.

"ஆமா பெரிப்பா. மாமியார் வூட்டுக்குக் குடுக்கறது."

"அப்ப தங்கக் கலர் பீடிங் போடட்டுமா? எல்லாரும் அதான் கேக்கறாங்க."

"வாணாம். தேக்குக் கலர்ல ஒல்லியா போடுங்க." பின்னால் வைக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு அட்டையும் கொடுத்தாள்.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

அது முகூர்த்த மாதம். கடையில் வேலை குவிந்து கிடந்தது. அவள் படத்தைக் கையில் எடுக்கும்போது கல்யாணத்துக்கு முந்தின நாள் ஆகிவிட்டது. அன்று சாயங்காலம் பெண் அழைப்பு. சீர்வரிசைத் தட்டுகளோடு இந்தப் படமும் மண்டபம் போக வேண்டும். மண்டபம் எங்கள் ஊரிலேயே.

ஃப்ரேம்காரன் வேலை எல்லாம் கவிழ்த்துப் போட்டுத்தான். படத்தின் முகத்தை நாம் கடைசியில்தான் பார்ப்போம். சட்டத்தைக் கவிழ்த்தேன், கண்ணாடியை உள்ளே இறக்கினேன், ஓரத்தில் இரண்டு பின் ஆணி மட்டும் லேசாகத் தொட்டுவைத்தேன். அட்டை வைப்பதற்கு முன்னால் தூசு இருக்கிறதா என்று பார்க்க வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கித் திருப்பினேன்.

தூசு இல்லை.

படம் ஒரு வாழையிலை. மேலே நின்று குனிந்து பார்க்கிற மாதிரி, நீளவாட்டில் கிடந்தது. இலை மேல் பழங்கள், பூக்கள். நல்ல கை. மாம்பழத்தின் தோலில் காம்புக்குப் பக்கத்தில் பால் வடிந்து காய்ந்த கறைகூட இருந்தது.

அப்புறம்தான் நுனியைப் பார்த்தேன். நுனி வலப்பக்கம் இருந்தது.

இலை போட்டால் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் வர வேண்டும். இது நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். நுனி வலப்பக்கம் திரும்பினால் எங்கள் பக்கம் அதை எழவு வீட்டு இலை என்பார்கள். கல்யாணச் சீரில் அப்படி ஒரு இலை போகக் கூடாது. எந்த வீட்டுக்கும் போகக் கூடாது. இந்த வீட்டுக்குப் போகவே கூடாது.

காரணம், அவள் அப்பா கோதண்டம் அதற்கு முந்தின நாள் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னது. திவ்யாவுக்குத் தாமல் ஊரில் மாப்பிள்ளை. நிச்சயதார்த்தம் ஆன கொஞ்ச நாளில் மாப்பிள்ளையின் அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நெஞ்சுவலி. அவருடைய அக்கா, அதாவது மாப்பிள்ளைக்கு அத்தை, எழவு வீட்டிலேயே வாய் விட்டுவிட்டார்: "காலு வைக்கறதுக்கு முன்னாடியே எந்தம்பிய முழுங்கிட்டா." மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றதால் கல்யாணம் தள்ளிப்போனதே தவிர நின்று போகவில்லை.

"அந்த வூட்ல ஒரு டம்ளர் கீழ வுழுந்தாக்கூட எம்பொண்ணு தலைலதான் வுழும் ஃப்ரேம்காரே," என்றார் கோதண்டம். "அவ அங்க போயி பொழைக்கணும்."

இப்போது அவர் பெண்ணே எழவு இலையை வரைந்து வைத்திருக்கிறாள். வரைகிறபோது நுனியை இடப்பக்கம் வைத்திருக்கிறாள், திருப்பினால் மாறும் என்பதை மறந்துவிட்டாள். அப்படித்தான் நினைத்தேன்.

படத்தை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கோதண்டம் இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு அம்மாள் இறங்கினார். உயரம். காதில் பெரிய கம்மல். செருப்பை விடும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"நீதான் ஃப்ரேம்காரனா? நான் மாப்பிள்ளையோட அத்தை. இந்த சம்பந்தி காலைலேர்ந்து படம் படம்னு பேஜார் பண்ணிக்கினு கீறாரு. எங்க, காட்டு பாக்கலாம்."

நான் படத்தை மேஜைமேல் கவிழ்த்துவிட்டேன்.

"இன்னும் முடியலம்மா. பின்பக்கம் மூடல."

"மூடாட்டி இன்னா? சீலை கட்டாத பொண்ணா, பாக்கக் கூடாதுன்ற?"

கோதண்டம் சிரித்துவைத்தார். அவர் நெற்றியில் வேர்வை. அந்த அம்மாள் மேஜைமேல் குனிந்தார். பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கத்தில் எல்லாம் அவள் வரைந்தபடியே இருந்தது. நுனி இடப்பக்கம்.

"இலை போட்டுகீறா. நுனி எடப்பக்கம். ம், அது தெரிஞ்சிகீது."

அவர் முதலில் பார்த்ததே நுனியைத்தான். நான் வாயைத் திறக்கவில்லை. இது பின்பக்கம், முன்னால் மாறித் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். பொய்யும் சொல்லவில்லை. சும்மா நின்றேன்.

"பழத்துல ஒரு மினுமினுப்பு இல்லியே. போன வாரத்துப் பழமா?"

"இது பின்பக்கம்மா. முன்னாடிதான் மினுக்கும்."

"அப்பத் திருப்பு."

கோதண்டம் என்னைப் பார்த்தார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. திருப்பினால்தான் என்ன என்கிற பார்வை.

"ரெண்டு பின்னுதான் தொட்டுவச்சிருக்கேன். திருப்பினா கண்ணாடி வழுக்கிக் கீழ வுழுந்துடும்."

"வுழுந்துடுமா?" அந்த அம்மாள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "வாணாம்ப்பா. கண்ணாடி ஒடையறது நல்ல சகுனம் கெடயாது." அப்புறம் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். "எங்க வூட்ல ஒடைஞ்ச வரைக்கும் போதும். இல்லீங்களா சம்பந்தி?"

கோதண்டம் தரையைப் பார்த்தார்.

"வா சம்பந்தி, பூக்கடைக்குப் போவலாம். ஃப்ரேம்காரே, சாயங்காலம் மண்டபத்துல மொத ஆளா நான்தான் பாப்பேன். நுனிலேர்ந்து அடி வரைக்கும் பாப்பேன்."

ஆட்டோ போய்விட்டது. நான் உட்கார்ந்தேன். முட்டி வலிக்காகத்தான் உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச நேரத்தில் கோதண்டம் மட்டும் திரும்பி வந்தார். நடந்து வந்தார், வேகமாக.

"ஃப்ரேம்காரே, பின்பக்கம்னு சொன்னியே. லாரிக்காரன் கண்ணாடில எழுத்து மாறித் தெரியுமே, அந்த மாதிரியா?"

"ஆமா."

"அப்ப நுனி?"

நான் படத்தைத் திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்தார். ஸ்டூலைக் கையால் தேடி உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"ஒடைச்சிடு."

"இன்னாது?"

"ஒடைச்சிடுய்யா. கை தவறிடுச்சுன்னு சொல்லு."

"கண்ணாடி ஒடைஞ்சா நல்ல சகுனம் இல்லன்னு இப்பதான அந்தம்மா சொல்லிட்டுப் போச்சி."

"இங்க ஒடைஞ்சா உன் தலையோட பூடும். மண்டபத்துல அந்தப் பொம்பள இதத் திருப்பிப் பாத்தா எம்பொண்ணு தலைல வுழும். காலம் பூரா வுழும்."

"உங்க பொண்ணு மூணு கண்ணாடில வரைஞ்சிகீது."

"முப்பது கண்ணாடில வரையட்டும். நீ ஒடைக்கிறியா, நான் ஒடைக்கட்டா?"

அவர் கை மேஜைமேல் இருந்த சுத்தியலுக்குப் போனது. நான் கண்ணாடிமேல் என் உள்ளங்கையை வைத்தேன். அவர் சுத்தியலைத் தூக்கவில்லை. விடவும் இல்லை. நான் கையை எடுக்கவில்லை. பஜாரில் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே போனது. அது போய் முடிகிற வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம்.

"கொஞ்சம் பொறுங்க. பாக்கறேன்," என்றேன்.

"இன்னாத்தப் பாக்கப் போற? நுனி வலப்பக்கம் கீது. பாத்தாச்சி."

"நுனியப் பாத்தோம். படத்தப் பாக்கல."

பிள்ளைகளே, அவசரம் வந்தால் கண் ஒரே இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருப்பார். அப்போதுதான் முழுசாகப் பார்க்க வேண்டும். நான் படத்தை வாசலுக்கு எடுத்துப் போய், வெயில் படாமல் வெளிச்சம் மட்டும் விழுகிற இடத்தில் சாய்த்தேன். இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. மேலிருந்து பார்க்கிற படம்தானே. நிற்கிற பொருள் எதுவும் இல்லையென்றால் தலைகீழாக மாட்டலாம். தலைகீழாக்கினால் நுனி இடப்பக்கம் வந்துவிடும். கொக்கியை அடிப்பக்கம் மாற்றினால் போதும்.

ஆனால் ஒவ்வொரு பழமும் அதற்கு ஒத்துவர வேண்டும்.

மாம்பழம் மூன்று. சாய்ந்து கிடந்தன. திருப்பினாலும் கிடக்கிற பழம்தான். வாழைச் சீப்பு ஒன்று, குப்புறப் படுத்திருந்தது. பரவாயில்லை. மாதுளை பாதியாகப் பிளந்தது, முத்துகள் தெரிந்தன. பலாச்சுளை ஆறு. கொட்டையை எடுத்து வாயைத் திறந்தபடி வரிசையாக வைத்திருந்தாள். மல்லிச் சரம் சுருட்டி வைத்தது. செவ்வந்தி நாலைந்து. ஒரு செம்பருத்தி மட்டும் காம்போடு. அதுவும் படுத்த பூதான். சொம்பு, விளக்கு எதுவும் இல்லை. நல்லவேளை.

வெள்ளைப் புள்ளிகள் மட்டும் இடிக்கும். எல்லாப் பழத்திலும் மேல்பக்கமாக வைத்திருந்தாள். திருப்பினால் வெளிச்சம் கீழேயிருந்து வருகிற மாதிரி ஆகும். அத்தைக்கு அது தெரியாது. வரைந்தவளுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு விட்டேன். அறுக்காத பழம் எல்லாம் படத்தின் கீழ்ப்பக்கம், நமக்குக் கிட்டத்தில் இருந்தது. பிளந்த மாதுளையும் உரித்த சுளையும் மேல்பக்கம், தூரத்தில் இருந்தன. பரிமாறுகிற யாரும் அப்படி வைக்க மாட்டார்கள். தின்னத் தயாராக இருப்பதைக் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் வைப்பார்கள். அழகுக்கு வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கீழ் மூலைக்கு வந்தேன். பச்சை நிறத்தில் ஒரே ஒரு எழுத்து. தி.

நேராக இருந்தது. முன்பக்கம் இருந்து படிக்கிற மாதிரி நேராக. அப்படியென்றால் பின்பக்கம் மாற்றி எழுதியிருக்கிறாள். வெள்ளைப் புள்ளியை முதலில் வைக்கத் தெரிந்திருக்கிறது. எழுத்தை மாற்றி எழுதத் தெரிந்திருக்கிறது. அவ்வளவும் தெரிந்தவள் ஆறு விரல் அகல இலையை மட்டும் எப்படி மறப்பாள்?

"இன்னாய்யா?" என்றார் கோதண்டம்.

தலைகீழாக மாட்டுகிற யோசனையைச் சொன்னேன். படத்தைத் திருப்பியும் காட்டினேன். அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. சுத்தியலை விட்டுவிட்டு எழுந்தார்.

"போதும். கொக்கிய அடி. எட்த்துக்கினு போறேன்."

"பொண்ணக் கேக்கணும்."

"அவளயா? நாளிக்கு மனையில உக்காரப் போறவளயா? அழுதான்னா முகம் வீங்கிப் பூடும். வாணாம்."

"அவ வரைஞ்சது. தலைகீழா மாட்டணும்னா அவதான் சொல்லணும்."

"நான் அவளப் பெத்தவன்!"

"பொண்ணப் பெத்தீங்க. படத்த அவதான் பெத்தா."

கோபத்தில் அவர் என்னை ஒரு வார்த்தை சொன்னார். அதை எழுத வேண்டாம். அட்டையை வைத்தேன், பின் அடித்தேன், ஓரத்தை ஒட்டினேன். மேல்பக்கம் இரண்டு கொக்கி போட்டேன். கீழ்ப்பக்கமும் இரண்டு கொக்கி போட்டேன். எப்படி வேண்டுமானாலும் மாட்டலாம். உங்களுக்குப் பதில் தெரியாத இடத்தில் வேலையை இப்படித் திறந்து வையுங்கள். பதில் தெரிந்தவர் வந்து மூடுவார்.

என் வண்டியிலேயே இரண்டு பேரும் போனோம். கோதண்டம் பின்னால் உட்கார்ந்து படத்தைப் பிடித்துக்கொண்டார். பள்ளம் வந்தால் மட்டும் "பாத்து" என்றார்.

மண்டபத்தில் மணப்பெண் அறை. திவ்யாவுக்கு இரண்டு கையிலும் மருதாணி. கையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோதண்டம் மற்றப் பெண்களை வெளியே அனுப்பினார். நான் படத்தைத் திறந்து காட்டினேன்.

"நல்லா வந்துகீது பெரிப்பா," என்றாள்.

"நுனியப் பாத்தியாம்மா?"

"பாத்தேனே."

"வலப்பக்கம் கீது."

"ஆமா. அப்பிடித்தான் வரணும்."

கோதண்டம் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பிடித்தான் வரணுமா? இன்னாடி சொல்ற?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் குறுக்கே கேட்டேன். அவள் கடைப் படியேறிய அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"எங்க மாட்டப் போற?"

"மாமா ஃபோட்டோவுக்குக் கீழ," என்றாள்.

அவ்வளவுதான். எனக்கு முழுப் படமும் தெரிந்துவிட்டது. ஃபோட்டோவில் இருக்கிற மாமனார் சுவரிலிருந்து நம்மைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இலை அவருக்கு முன்னால் கிடக்கிறது. நமக்கு வலப்பக்கம் அவருக்கு இடப்பக்கம். உரித்த பழங்கள் நமக்குத்தான் தூரம். அவர் கைக்குக் கிட்டத்தில் இருந்தன.

கோதண்டத்துக்கு இன்னும் புரியவில்லை.

"நைனா," என்றாள் அவள். "நீங்க எதுத்தாப்ல உக்காந்தா நான் எப்பிடி இலை போடுவேன்? நுனி என் வலப்பக்கந்தான வரும்?"

அவர் தன் இடது கையைப் பார்த்தார். எதிரே இருந்த பெண்ணைப் பார்த்தார். திரும்பவும் கையைப் பார்த்தார்.

"சரிதாம்மா. உனக்கும் எனக்கும் சரி. அந்த அத்தைக்காரிக்கு ஆரு சொல்றது? நுனி எடப்பக்கம் கீதுன்னு பூக்கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. கல்யாணம் முடியட்டும். ஒரு மாசம் போவட்டும். அப்புறம் குடு."

"நாளிக்கு எல்லாரும் பந்தியில உக்காருவோம். அவருக்கு இலை போடாம நான் எப்பிடி நைனா சாப்புடறது?"

நான் கொக்கி விஷயத்தைச் சொன்னேன். தலைகீழாக மாட்டினால் யாருக்கும் சந்தேகம் வராது என்றேன். அவள் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க பெரிப்பா. ஆனா அப்ப அது நம்ம சாப்புடற இலையாப் பூடும்."

நான் பையிலிருந்து குறடு எடுத்துக் கீழ்ப்பக்கத்துக் கொக்கி இரண்டையும் பிடுங்கினேன்.

மாப்பிள்ளை வீட்டார் அறை மாடியில். கோதண்டம் வாசலோடு நின்றுவிட்டார். அவள் மருதாணிக் கையைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் போனாள். நான் படத்தோடு பின்னால் போனேன். அறையில் ஒரு நாற்காலி. அதன்மேல் மாமனாரின் ஃபோட்டோ, சந்தன மாலை போட்டு. கல்யாணத்தை அவரும் பார்க்கட்டும் என்று கொண்டுவந்திருந்தார்கள். அவர் சம்சாரம் காமாட்சி அம்மாள் சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தார். நல்ல காரியம் நடக்கிற இடத்துக்கு முன்னால் வரக் கூடாது என்று அவரே ஒதுங்கியிருந்தார். அத்தை புடவை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடி பொண்ணே, மனையேறதுக்கு முன்னாடி இந்தாண்ட வரலாமா? ஆரு உட்டது உன்ன?"

"படம் குடுக்கணும் பெரிம்மா. நாளிக்குக் கூட்டத்துல முடியாது."

அவள் எனக்குக் கண் காட்டினாள். நான் படத்தை நாற்காலிக்கு முன்னால் தரையில் மல்லாத்தி வைத்தேன். இலை போடுகிற மாதிரி.

அத்தை கிட்டே வந்தார். சொன்னபடி நுனியைத்தான் முதலில் பார்த்தார். மடித்த புடவை கையிலேயே நின்றது.

"மாறிகீது," என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலை. "காலைல எடப்பக்கம் இருந்துச்சி. ஃப்ரேம்காரே?"

"காலைல நீங்க பாத்தது பின்பக்கம்மா."

"ஏமாத்திட்ட."

"ஆமாம்மா."

அவர் திவ்யாவின் பக்கம் திரும்பினார்.

"எழவு இலையக் கல்யாண மண்டபத்துக்குள்ள எட்த்தாந்து கீற. ஒருத்தன் போனது பத்தலியா உனக்கு?"

திவ்யாவின் கை இரண்டும் மேலே தூக்கியபடியே இருந்தன. கண்ணைத் துடைக்கக்கூட முடியாது. அவள் அழவும் இல்லை.

"இது மாமாவுக்குப் போட்ட இலை பெரிம்மா. அவர் அங்க உக்காந்தினு கீறாரு. அவருக்கு எது எடக்கை?"

நான் கதவைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே கோதண்டத்தின் கால் தெரிந்தது. அது அசையவில்லை. இந்த நேரத்தில் நான் ஏதாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். கண்ணாடி ஓவியம் எப்படி என்று விளக்கியிருக்கலாம். சொல்லவில்லை. நம் வேலை படத்தைக் கொண்டுவந்து வைப்பதோடு முடிந்தது. அதற்குமேல் வரைந்தவருக்கும் பார்க்கிறவருக்கும்தான்.

பாயில் இருந்த காமாட்சி அம்மாள் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். ஃபோட்டோவின் தலைக்கு மேலே குனிந்து, புருஷன் பார்க்கிற பக்கமிருந்து தரையைப் பார்த்தார். இடது கையை நீட்டினார். நுனி அந்தக் கைக்கு நேராக இருந்தது.

"சரியாத்தான் போட்டுகீது," என்றார்.

அத்தை நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு புடவையைப் பாயில் போட்டுவிட்டு அவரும் சுற்றிப் போனார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அங்கேயிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சுளைகள்தான்.

"பலாச்சுளைன்னு ஆருடி சொன்னா உனக்கு?"

"மாமாவேதான். நிச்சயத்தன்னிக்கிப் பந்தியில கேட்டாரு. நீங்க வாணாம்னுட்டீங்க. அப்புறமா நான் தர்றேன் மாமான்னு சொல்லியிருந்தேன்."

கீழே நாதஸ்வரக்காரர் சுருதி பார்க்கிற சத்தம் மட்டும் வந்தது. அத்தை தரையில் உட்கார்ந்தார். விரலால் கண்ணாடியைத் தொடாமல், மேலாக நகர்த்தி, ஒவ்வொன்றாக எண்ணினார்.

"ஆறுதான் கீது."

"எடம் இல்ல பெரிம்மா."

"எடம் இல்லியாம். மாம்பழம் மூணு வச்சிகீற, அவன் அதத் தொடக்கூட மாட்டான்." முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "ஆறோட எந்திரிக்கிற ஆளாடி அவன்? இன்னும் ரெண்டு வச்சிருக்கக் கூடாதா?"

காமாட்சி அம்மாள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து சொன்னார்:

"போதும் அண்ணி. சக்கரை ஏறிடும்."